முள்ளங்கித் தட்டும் ஓர் உருண்டைப் புளியும்

அன்றைக்கு வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது சாம்பிராணி மணத்தது. நவராத்திரியின் கடைசி நாள். ஒரு வங்கியின் சாப்பாட்டுக்கூடத்தில் விடியலிலிருந்து உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவனுக்கு அந்த மணம் சுகமாகத்தான் இருந்தது. குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மூலையில் இருக்கும் சாமித்தட்டைப் பார்த்தேன். ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் காலுறையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மன் படத்துக்கு முன்னால் வட்ட வட்டமாக ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். மனைவி புதிதாக வெள்ளிக் கோப்பை வாங்கியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனேன். கோப்பைகளுக்கு நடுவில் ஓட்டை இருந்தது. ஒன்றின் தகட்டில் இரண்டு முள்ளங்கி உருவம் இலையோடு வெட்டப்பட்டிருந்தன.

நெஞ்சுக்குள் யாரோ வெறும் அண்டாவைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம்.

"இஞ்சரும்!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பூனையின் வாலை மிதித்தது போல வந்தது.

மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"என்னப்பா, வரேக்கையே கத்திக்கொண்டு? பூசைக்கு வைச்சிருக்கு. தொடாதேங்கோ."

"இது என்ன?"

"உங்கடை சாமான்தான். வாள் சாமான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் கரண்டியே வைக்கிறது?"

"ஏன் மினுங்குது?"

"மினுக்கினா மினுங்கும்தானே. ஊத்தையோடை அம்மாளுக்கு முன்னாலை வைக்கேலுமே?"

"அந்தச் சொக்ஸுக்குள்ளை கிடந்தது...?"

"அதுதான் ஆகலும் மோசம். குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி ஓர் உருண்டைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சன், அசையேல்லை. புளித்தண்ணியிலை ஊறப்போட்டு, கம்பித் தும்பாலையும் தேய்ச்சன். அப்பவும் மூலையளுக்குள்ளை கறுப்பு. பிறகு மெசினுக்குள்ளை போட்டன்."

"எந்த மெசின்?"

"கோப்பை கழுவுறது. ஆகக் கூடின சூட்டிலை."

நான் சப்பாத்து அலுமாரியின் மேல் உட்கார்ந்தேன். அது உட்கார்வதற்குச் செய்த சாமான் இல்லை. ஒரு பலகை உடைந்தது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அந்த முள்ளங்கித் தட்டு என்னுடையது இல்லை.

ஜப்பானியரின் பழைய வாளில் பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். கை வழுக்கி அலகில் போகாமல் அது காக்கும். அதற்குப் பெயர் சுபா. வாள் போன பிறகும் தட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. உலகம் முழுக்க அவற்றைச் சேர்க்கிற பைத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு பைத்தியம், உருளைக்கிழங்கு உரிக்கிற பைத்தியம், நான். முதன்முதலில் மனைவியிடம், "சனிக்கிழமை சுபா பாக்கப் போறன்" என்று சொன்ன அன்றைக்கு எனக்குக் கிடைத்த சோற்றில் குழம்பு இருக்கவில்லை. அது இரும்பு என்று நிரூபித்த பிறகுதான் குழம்பு வந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. அப்படிப்பட்டவன் இந்தக் கூட்டத்துக்குள் எப்படி வந்தேன் என்றால், அதற்கும் காரணம் சமையல்தான். பிராங்பேர்ட்டில் மைன் ஆற்றங்கரையில் சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தை கூடும். ஒரு நாள் அங்கே ஒரு மேசையில் வட்டமான இரும்புத் தகடு ஒன்றைக் கண்டேன். எங்கள் அடுப்பில் ஒரு தட்டு உடைந்து கிடந்தது. அளவு சரியாக இருக்கும் போலிருந்தது. தகட்டின் மேல் விரல் வைத்து அளந்துகொண்டு நின்றபோது பக்கத்தில் நின்ற நரைத்த ஜெர்மன்காரர், என்ன அளக்கிறாய் என்று கேட்டார். அடுப்பு என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடி இரண்டு தேநீர்க் கோப்பைகள் விழுந்தன.

"டேய், இது அடுப்பில்லையடா. வாள்!"

அவர் பேசியது நல்ல பிராங்பேர்ட் ஜெர்மன். ஆனால் எனக்குப் பிடித்தவர்கள் எந்த மொழியில் பேசினாலும் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன். நான் அவரை அண்ணை என்று கூப்பிடப் பழகினேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிட்டு, "அப்ப நீ எனக்கு ஒரு நாளும் மரியாதை குறைவாக் கதைக்கேலாது" என்று சந்தோசப்பட்டார். சமையல்கட்டில் வேலை என்பதால் அவர் என்னைக் குசினிக்காரா என்பார்.

அண்ணை வாழ்க்கை முழுக்க டிராம் ஓட்டியவர். அவர்தான் என்னைத் தங்கள் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மாதத்தில் ஒரு முறை ஒரு பியர்க் கடையின் பின்னறையில் கூடுவார்கள். வக்கீல், கட்டடக்காரர், அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஓய்வு பெற்ற ஒரு பல் டொக்டர். சந்தையில் பிறகு நானாகவே தேடி வாங்கியிருந்த என் முதல் தட்டை டொக்டர் வெள்ளைக் கையுறை போட்டுக் கையில் எடுத்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது போல அதன் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது பழைய அலுமாரி ஒண்டின்ரை பூட்டுத் தகடு" என்றார்.

"எத்தினையாம் நூற்றாண்டு, டொக்டர்?" என்று கேட்டேன்.

அண்ணை பியரை மூக்கால் விட்டார். அன்றைக்கே என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். சிரிப்பதற்கு ஓர் ஆள் எந்தக் கூட்டத்துக்கும் வேண்டும்தானே. அதற்குப் பிறகும் நிறைய வாங்கினேன். எல்லாம் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று அச்சில் ஊற்றிச் செய்தவை. என் சேகரிப்பில் உண்மையானது அவற்றை வைத்திருந்த பெட்டி மட்டும்தான்.

ஆனால் அண்ணையின் முள்ளங்கித் தட்டு வேறு சாதி. இளவயதில் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டவர். டிராம் ஓட்டும்போது காற்சட்டைப் பையில் வைத்திருப்பார். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் கை பைக்குள் போகும், பெருவிரல் முள்ளங்கியைத் தடவும். அந்தத் தட்டின் கறுப்பு தார் போன்ற கறுப்பு இல்லை. நன்றாகக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு மாதிரி, உள்ளுக்குள் கொஞ்சம் சிவப்பு ஓடுகிற கறுப்பு.

டொக்டருக்கும் அவருக்கும் அதை வைத்துத்தான் தீராத சண்டை. பழைய தட்டு என்றால் இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்திருக்க வேண்டும். போலி என்றால் இரும்பை உருக்கி அச்சில் வார்த்திருப்பார்கள்.

"வார்ப்பு" என்பார் டொக்டர். "மேலெல்லாம் புள்ளி புள்ளியாக் கிடக்கு. வார்ப்பிலைதான் அப்பிடி வரும்."

"அடிச்ச இரும்பு" என்பார் அண்ணை. "உனக்குப் புள்ளியைக் கண்டாச் சொத்தைப்பல் எண்டுதான் தெரியும்."

"மோட்டார் சைக்கிளை இதுக்குக் குடுத்ததுக்காகத்தானே உன்ரை முதல் மனுசி விட்டிட்டுப் போனவ."

"மோட்டார் சைக்கிள் இல்லாதபடியால்தான் ரெண்டாவது மனுசி வந்தவ. அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது."

ஒவ்வொரு மாதமும் இதே சண்டை. இரண்டு பேருக்கும் வயது போய்க்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு முடிவு வரும்போலிருந்தது. ஜப்பானிலிருந்து மூன்று நிபுணர்கள் வருகிறார்கள், எப்போதாவது ஒரு முறைதான் வருவார்கள், தட்டைப் பார்த்து உண்மை என்றால் பத்திரம் எழுதித் தருவார்கள் என்று செய்தி வந்தது. அண்ணை முதல் ஆளாக டெர்மின் எடுத்து, தனக்கு ஒரு நேரம் பதிந்துகொண்டார். அந்தக் கிழமையே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, கம்பளிக் காலுறை ஒன்றை என்னிடம் நீட்டினார். உள்ளே முள்ளங்கி.

"நீ கொண்டுபோய்க் காட்டு."

"நானோ? வக்கீலிட்டைக் குடுக்கலாமே, அண்ணை."

"தெரிஞ்சவங்களிட்டைக் குடுத்தா ஏதாவது செய்து போடுவாங்கள். ஒருத்தன் எண்ணெய் பூசுவான், ஒருத்தன் துருவைச் சுரண்டுவான். உனக்குத்தான் ஒண்டும் தெரியாது. நீ ஒண்டும் செய்யமாட்டாய்." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "துடைக்காதை. கழுவாதை. அதுக்குக் கிட்ட மூச்சுக்கூடப் பெரிசா விடாதை. இவ்வளவு காலமும் அவன் வார்ப்பு வார்ப்பு எண்டு சொல்லிப்போட்டான். நான் கண்ணை மூட முதல் எனக்குத் தெரியோணும்."

நான் ஒன்றும் செய்யவில்லை. என் பெட்டியில் வைத்து மூடினேன். அவ்வளவுதான். சனிக்கிழமை ஜப்பான்காரருக்கு அதைக் காட்டப் போகிறேன் என்று மனைவிக்குச் சொன்னவனுக்கு, தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவேயில்லை. நவராத்திரி வந்தால் எங்கள் வீட்டில் கறுப்பாக இருக்கும் எதற்கும் பாதுகாப்பில்லை என்று தெரிந்திருந்தும்.

இப்போது உடைந்த அலுமாரியின் மேல் உட்கார்ந்திருந்தவனிடம் மனைவி சொன்னாள்: "சனிக்கிழமை யப்பானிலை இருந்து வாற பெரிய ஆக்களுக்குக் காட்டப் போறியள். அந்தக் கோலத்திலையே கொண்டு போறது? அதுதான் எல்லாத்திலும் பாக்க அதைக் கனக்கத் தேய்ச்சனான்."

எனக்காகத்தான் செய்திருக்கிறாள். தோள் நோகத் தேய்த்திருக்கிறாள். திட்டவும் முடியவில்லை.

"அந்தக் கறுப்புத்தான் அதின்ரை உயிர்" என்றேன். "அதைப் பாத்துத்தான் பழசு எண்டு சொல்லுறது. கழுவவே கூடாது."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப அது ஊத்தை இல்லையோ?"

"இல்லை."

"ஐயோ!" என்றாள். "அம்மாளாச்சி!" என்றாள். அவளும் உட்கார இடம் தேடினாள். நல்ல பலகை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதில் நான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அண்ணை.

"எப்பிடி இருக்கிறாள் என்ரை முள்ளங்கி?"

"நல்ல... நல்ல துப்பரவா இருக்கிறா, அண்ணை."

"சனிக்கிழமை நான் இந்தக் கட்டிலிலை கிடந்து அந்தப் பல்லுப்பிடுங்கியின்ரை முகத்தை நினைச்சுக்கொண்டிருப்பன். குசினிக்காரா, எனக்கு நோவே தெரியேல்லையடா."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் ஏதோ பாட்டை விசிலடிக்கத் தொடங்கினார். இடுப்பெலும்பு உடைந்த மனிதர் விசிலடிக்கிறார். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மனைவி சந்தனத்தைத் துடைத்துவிட்டு முள்ளங்கித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இரும்புதானே இது?"

"ஓம்."

"உங்கடை தங்கச்சி வந்து நிக்கேக்கை என்ரை தோசைக்கல்லைக் கம்பித் தும்பாலை வெள்ளையா மினுக்கி விட்டவா. நான் என்ன, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டே இருந்தனான்? திருப்பிப் பழக்கினனான்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நேரத்தில் அது எவ்வளவு அறிவான யோசனையாகத் தெரிந்தது என்பதை இப்போது யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. தோசைக்கல்லும் இரும்பு. சுபாவும் இரும்பு. கல் கறுக்கும் என்றால் இது ஏன் கறுக்காது?

அடுப்பை மூட்டினோம். ஆற்றங்கரைச் சந்தையில் என்னைப் பார்த்து அண்ணை சிரித்தாரே, கடைசியில் அவருடைய சுபாவே என் அடுப்பில் ஏறியது. நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி, சுற்றிச் சுற்றித் தேய்த்தோம். புகை எழும்பியது. கூரையில் இருந்த புகைக்கருவி அலறியது. மேல்வீட்டு ஜெர்மன்காரி கதவைத் தட்டி, எரிகிறதா என்று கேட்டார். "தோசை" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். எங்கள் வீட்டைப் பற்றி அவர் எதையும் நம்பத் தயாராக இருக்கிறார்.

கறுத்தது. நம்பமாட்டீர்கள், கரிய பட்டுப் போல, ஒரே சீராகக் கறுத்தது. அவ்வளவு அழகான தட்டை நான் கூட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. அதில் ஒரு தோசை ஊற்றியிருந்தால் ஒட்டாமல் வந்திருக்கும்.

சனிக்கிழமை ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் மூன்று ஜப்பானியப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் அம்மா. ஒவ்வொருவரும் மேசைக்கு முன்னால் போய் நின்று, தட்டை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சோதனை முடிவு கேட்பவர்கள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டொக்டரும் தன் தட்டுகளோடு வந்திருந்தார். என் முறை வந்ததும் என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

காலுறையிலிருந்து முள்ளங்கியை எடுத்து வைத்தேன்.

மூத்தவர் அதை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். பாதி வழியில் கை நின்றது. மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு இரண்டாவது ஆளிடம் கொடுத்தார். அவரும் மணந்தார். மூன்றாவது ஆள் மணந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

மொழிபெயர்க்கும் அம்மா என்னைப் பார்த்தார். "ஐயா கேக்கிறார், இது வெங்காயமோ எண்டு."

மண்டபம் முழுக்க என் முதுகைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"ஓம்" என்றேன். "பெரிய வெங்காயம்."

அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. புளி, உப்பு, கம்பித் தும்பு, கோப்பை கழுவுகிற மெசின், சந்தனம், நல்லெண்ணெய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அம்மா மெசின் வந்த இடத்தில் நிறுத்தி, நான் சொன்னதைத் திரும்ப ஒரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் மொழிபெயர்த்தார். மூன்று பெரியவர்களும் அசையாமல் கேட்டார்கள். மூன்றாவது ஆளின் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா தெரியாது. இரண்டுக்கும் நியாயம் இருந்தது.

தட்டைத் திருப்பித் தள்ளிவிடுவார்கள் என்று கையை நீட்டினேன். மூத்தவர் தள்ளவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, சின்ன விளக்கைச் சாய்த்து, முள்ளங்கி இலைகளின் இடுக்குக்குள் பார்த்தார். அங்கே மட்டும் எங்கள் வெங்காயம் போயிருக்கவில்லை. இலை வெட்டிய உள்விளிம்பு மனைவி மினுக்கியபடியே வெள்ளையாகக் கிடந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டார். மூன்று தலைகளும் ஒரு முள்ளங்கிக்கு மேல் சேர்ந்தன. நகத்தால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார்கள்.

"ஐயா சொல்லுறார், இது அடிச்ச இரும்பு" என்றார் அந்த அம்மா. "இலையின்ரை உள்ளுக்கு அரம் ஓடின தடம் இருக்கு. வார்த்ததிலை அது வராது. மெத்தப் பழசு. செய்தவருக்கு நல்ல கை."

பின்னால் டொக்டர் மூச்சை இழுத்தது காதில் விழுந்தது.

"பத்திரம் தரேலாது" என்றார் அந்த அம்மா.

"ஏன்?"

அவர் திரும்பிக் கேட்டார். மூத்தவர் என்னை நேரே பார்த்துத்தான் பதில் சொன்னார், கோபமில்லாமல், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

"அதின்ரை முகம் போயிட்டுது எண்டு சொல்லுறார். நெருப்பும் பட்டிருக்கு. துப்பரவாக்கினபடியால்தான் அரத்தின்ரை தடம் தெரிஞ்சதாம். துப்பரவாக்கினபடியால்தான் பத்திரமும் இல்லையாம்."

தட்டைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன். டொக்டர் நின்றார். வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையைக் காலுறைக்குள் விட்டுத் தட்டைத் தொட்டுப் பார்த்தார். அவர் வெறும் கையால் எதையும் தொட்டு நான் அதுவரை கண்டதில்லை.

"அடிச்ச இரும்பு" என்றார், தனக்குத்தானே. பிறகு, "நான் பிழை எண்டு நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் வந்து சொன்னா ஆள் தையல் பிரியச் சிரிப்பார்" என்றார். பிறகுதான் அவருக்கு மற்ற விஷயம் உறைத்தது. "மிச்சத்தை என்னெண்டு சொல்லப் போறியள்?"

காலுறையின் வாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு மனைவியும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பூசைக்குச் சுட்ட வடையில் மிச்சம் இருந்ததைப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். எஸ்-பான் ரயிலில் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்ததும் அண்ணை தலையணையில் எழும்பப் பார்த்தார்.

"சொல்லு!"

"அடிச்ச இரும்பு, அண்ணை. மெத்தப் பழசு. நல்ல கை எண்டு சொன்னவை."

அவர் கத்தியதில் தாதி ஓடி வந்தார். அண்ணை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அவன் நிண்டவனோ? கேட்டவனோ?" என்று என்னைக் கேட்டார். டொக்டர் என் பின்னால்தான் நின்றார், எல்லாவற்றையும் கேட்டார், தான் பிழை என்று சொல்லச் சொன்னார் என்றேன். அண்ணையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

"கொண்டா அவளை" என்று கையை நீட்டினார்.

காலுறையைக் கொடுத்தேன். கையை உள்ளே விட்டார்.

வெளியே எடுக்கவில்லை. கை உள்ளே இருக்கும்போதே முகம் மாறியது. பெருவிரல் உள்ளே எதையோ தேடுவது கம்பளிக்கு மேலால் தெரிந்தது. ஒரு முறை தேடியது. திரும்பவும் தேடியது.

"இது என்ரை இல்லை" என்றார்.

நான் வாயைத் திறக்க முதல் மனைவி முன்னால் போய் நின்றாள். அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். ஆனால் அன்றைக்கு அதில் ஒரு பிழையும் எனக்குக் கேட்கவில்லை.

"நான்தான் மினுக்கினனான். இவர் இல்லை. ஊத்தை எண்டு நினைச்சிட்டன். சாமிக்கு வைக்க எண்டு."

நான் மற்றதைச் சொன்னேன். வெங்காயம்வரை. வழக்கமாக அண்ணை சிரிக்கும் இடங்கள் நிறைய அதில் இருந்தன. ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. தட்டை வெளியே எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தார்.

"பேப்பர் கிடக்கட்டும்" என்றார் கடைசியில். "பேப்பரை என்ன, சட்டம் போட்டு மாட்டவே போறன்? அந்தக் கறுப்பிலை எனக்கு முந்தி ஆரின்ரை ஆரின்ரையோ கை இருந்தது. எனக்கு அவையை ஆரெண்டு தெரியாது. கடைசியா இருந்தது என்ரை. ரெண்டாவது மனுசி செத்த கிழமை நான் வேலைக்குப் போனனான், தெரியுமே? ஒவ்வொரு சிவத்த லைட்டுக்கும் இதைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தன்."

நான் அதுவரை அந்தக் கறுப்பை டொக்டரும் நிபுணர்களும் பார்க்கிற அடையாளம், பத்திரத்துக்குக் குத்துகிற முத்திரை மாதிரி ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் மனிதர்கள் இருந்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மெசின் யார் யாரை வடிகாலுக்குள் அனுப்பியதோ!

"இண்டைக்குப் போங்கோ" என்றார் அண்ணை. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாரா, நீ என்பதை விட்டு எனக்கு நீங்கள் போட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. வடைப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. கூட்டத்திலும் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. அடுத்த மாதமும் அப்படித்தான். டொக்டர் சண்டை பிடிக்க ஆளில்லாமல் பியர்க் கோப்பையை மேசையில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்க வைக்கப் பகிடி ஒன்றும் விடவில்லை. என்னைச் சேர்த்ததே அதற்குத்தான் என்பதால் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

குளிர்காலம் பிடித்த பிறகு ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"வா. அவவையும் கூட்டிக்கொண்டு வா. வடைப் பெட்டி இஞ்சை கிடக்கு."

ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். மேசையில் காலுறை இருந்தது. தட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் வெங்காயக் கறுப்பு செதில் செதிலாக உரிந்து, இடையிடையே செம்மஞ்சள் துரு பூத்திருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"கட்டிலிலை கிடந்து நாள் முழுக்கத் தேய்ச்சுப் பாத்தன்" என்றார். "ஏறேல்லை. மருந்தாலை என்ரை கை காய்ஞ்சு போச்சு, பேப்பர் மாதிரி." என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லுப் பார்ப்பது போல இருந்தது. "உன்ரை கை எப்பவும் எண்ணெய்க் கைதானே. குசினியிலை கிடக்கிற கை. நீ கொண்டு திரி. பொக்கற்றுக்குள்ளை வை. சும்மா இருக்கேக்கை தடவு. அடுப்பிலை வைச்சாயோ, ஊண்டுகோலாலை அடிப்பன்."

"நானோ, அண்ணை? திரும்பவும் என்னட்டையோ?"

"இனி நீ செய்ய என்ன மிச்சம் கிடக்கு?" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "அவவும் தடவட்டும். அவவுக்குத் தோளிலை பலம் இருக்கு எண்டு எனக்கு இப்ப நல்லாத் தெரியும். மாசத்துக்கு ஒருக்காக் கொண்டு வந்து காட்டோணும். வடையோடை."

அப்படித்தான் இப்போது என் காற்சட்டைப் பைக்குள் முள்ளங்கி இருக்கிறது. காலையில் எஸ்-பானில் கையைப் பைக்குள் விட்டுத் தடவிக்கொண்டே போவேன். ஒரு நாள் எதிரில் இருந்த பெண் என் கையைப் பார்த்துவிட்டு எழும்பி வேறு இருக்கைக்குப் போனார். தப்பாக நினைத்துவிட்டாரே என்று தட்டை வெளியே எடுத்து, "வாள்! வாள்!" என்று காட்டினேன். இன்னும் இரண்டு பேர் எழும்பிப் போனார்கள்.

மாலையில் அது மனைவியின் கைக்குப் போகும். தொலைபேசியில் தன் அக்காவோடு பேசும்போது தடவுவாள். அவளுடைய அக்கா நீளமாகப் பேசுகிறவர், அதனால் அவள் தடவும் பக்கம் நான் தடவும் பக்கத்தைவிடக் கெதியாகக் கறுக்கிறது. இந்த நவராத்திரிக்குக் குத்துவிளக்கைக் கையில் எடுத்தவள், புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"இஞ்சருங்கோ, இந்தக் கறுப்பு ஆரின்ரையும் கையோ?"

"உம்மடை கைதான். போன வருச எண்ணெய்."

அதற்குப் பிறகுதான் மினுக்கினாள். அதுவும் மெதுவாக.

மாதா மாதம் அண்ணை வீட்டுக்குப் போகிறோம். சில நேரம் டொக்டரும் அங்கே இருப்பார். அரத்தின் தடம் முள்ளங்கி இலையில் இல்லை, கிழங்கில்தான் இருந்தது என்று புதிதாக ஒரு சண்டை தொடங்கியிருக்கிறார்கள். அண்ணை தட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. காலுறைக்குள் கையை விட்டு, பெருவிரலால் தன் பழைய முள்ளங்கியைத் தேடுவார். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் நிற்போம்.

"இன்னும் இல்லை" என்பார். ஒவ்வொரு முறையும் அதுதான்.

போன முறையும் அதையேதான் சொன்னார். ஆனால் கையை உடனே வெளியே எடுக்கவில்லை. வடையை மற்றக் கையால் சாப்பிட்டார்.